மூன்று நாள் விருந்தினர்: இஸ்தான்புல்லும் முதன்முறைப் பயணியின் கடமையும்

வழிபாட்டிடத்தின் வாயிலில் காலணியைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டும், தொழுகை நேரத்தில் உள்ளே செல்லக் கூடாது, தொழுவோரைப் படம் எடுக்கக் கூடாது என்று பயணக் கையேடுகள் வரிசையாக அறிவுறுத்துகின்றன. ஆனால் அந்த வழிபாட்டில் நம்பிக்கையோ பங்கோ இல்லாத ஒருவர் எந்த உரிமையின் பேரில் அங்கு நுழைகிறார், நுழைந்தபின் யாராக நிற்கிறார் என்னும் கேள்வியை அவை எழுப்புவதில்லை. அக்கேள்விக்கு விடை தெளிவானால் அறிவுரைகளில் பெரும்பகுதி தாமே விளங்கிவிடும். விடை தெளியாதபோது அவை காரணம் தெரியாமல் பின்பற்றப்படும் வெறும் விதிகளாக, வாய்ப்புக் கிடைத்தால் மீறத்தக்க தடைகளாக நின்றுவிடுகின்றன. இதனை ஆராய்வதற்கு இஸ்தான்புல்லைப்போல் பொருத்தமான நகரம் அரிது. பைசாந்தியப் பேரரசின் தலைநகராகவும், பின்னர் உதுமானியப் பேரரசின் தலைநகராகவும் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் விளங்கிய அந்நகரில், பிற சமயத்து விருந்தினர் ஒருவரை எதுவரை உள்ளே விடலாம், அவர் எதுவரை உள்ளே வரலாம் என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தீர்க்கப்பட்டுவந்த வழக்காகும்.

இன்றைய நகரச் சுற்றுலா பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. இஸ்லாமிய மரபு விருந்தோம்பலுக்கு வகுத்த எல்லையும் மூன்று நாள்களே. நபிகள் நாயகத்தின் வாக்குகளாகத் தொகுக்கப்பட்டவை ஹதீஸ் எனப்படும். அவற்றுள் நம்பகமானவையாகக் கொள்ளப்படும் தொகுப்புகளில், முதல் நாளும் இரவும் விருந்தினருக்குச் சிறப்பான உபசாரம், விருந்தோம்பலின் காலம் மொத்தம் மூன்று நாள், அதற்கு மேல் அளிக்கப்படுவது தருமம் என்னும் கருத்து இடம்பெறுகிறது. வரவேற்றவருக்குச் சங்கடம் நேரும்வரை விருந்தினர் தங்கலாகாது என்பதும் அதே இடத்தில் சொல்லப்படுகிறது. அதாவது கடமை இரு பக்கமும் உண்டு. இது ஏட்டளவில் நிற்கவில்லை. வக்ஃப் எனப்படும் அறக்கொடை நிறுவனங்கள் உதுமானிய நகரங்களில் பள்ளிவாசலை ஒட்டிப் பொது அடுக்களைகளையும் பயணியர் தங்கும் கூடங்களையும் நடத்தின. 1463க்கும் 1470க்கும் இடையில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கட்டுவித்த ஃபாத்திஹ் வளாகத்தில் வந்து சேரும் பயணிக்கு மூன்று நாள் உணவும் இடமும் கிடைத்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் பழமொழியை அறிந்த தமிழருக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

இந்த மரபின் ஒளியில் பார்த்தால் இஸ்தான்புல்லுக்கு முதன்முறை வருபவர் வாடிக்கையாளருமல்லர், ஆய்வாளருமல்லர். குறுகிய காலத்துக்கு வரவேற்கப்படும் விருந்தினர். அவருக்கு முன் அந்நிலையில் நின்றவர்களைப் பற்றிய பதிவுகள் உள்ளன. கீவ் நாட்டு மன்னர் விளாதிமிர் தம் மக்களுக்கு ஏற்ற சமயம் எதுவெனத் தேர்ந்துவரப் பல நாடுகளுக்குத் தூதர்களை அனுப்பியதாகவும், அவர்கள் கி.பி. 987 அளவில் இந்நகரின் ஹாகியா சோபியா பேராலயத்தின் வழிபாட்டைக் கண்டு, தாங்கள் நிற்பது மண்ணிலா விண்ணிலா என்று அறியாமல் திகைத்ததாகவும் பழைய ரஷ்ய வரலாற்றேடு கூறுகிறது. மறு ஆண்டில் விளாதிமிர் திருமுழுக்குப் பெற்றார். இக்கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்பது வேறு செய்தி. தூதர்கள் வழிபாட்டை நன்கு காண்பதற்கேற்ற இடத்தில் அவர்களை நிறுத்துமாறு அரண்மனையே ஏற்பாடு செய்தது என்று அந்த ஏடே சொல்வதுதான் இங்குக் கருதத்தக்கது. பார்வையாளருக்காக வழிபாட்டை அழகுறக் காட்டும் வழக்கம் சுற்றுலாத் துறையோடு பிறந்ததன்று.

அதே ஆலயத்தின் மேல்மாடத்துப் பளிங்குக் கைப்பிடிச் சுவரில், வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் வைக்கிங் மக்களின் ரூன் எழுத்துகளில் கீறிய வரி உள்ளது. பெரும்பகுதி தேய்ந்துவிட்டது, ஹால்ஃப்தான் என்னும் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. படைவீரராகவோ வணிகராகவோ வந்த அவர், விளங்காத மொழியில் நிகழ்ந்த நீண்ட வழிபாட்டின்போது தம் இருப்பைக் கல்லில் பதித்துச் சென்றிருக்கக்கூடும். தூதர்கள் கண்டதில் தம்மை இழந்தார்கள். ஹால்ஃப்தான் கண்ட இடத்தில் தம்மைப் பொறித்தார். பார்வையாளருக்கு இவ்விரண்டு வழிகள் மட்டுமே உண்டு என்றால் இக்கட்டுரையின் கேள்விக்கு விடை கிடைக்காது.

மூன்றாவது வழியைக் காட்டுபவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1330களின் தொடக்கத்தில், தங்கக் கூட்டத்தார் எனப்பட்ட மங்கோலியரின் அரசரான உஸ்பெக் கானின் பைசாந்திய மனைவி தாயகம் திரும்பியபோது, அவருடைய பரிவாரத்தோடு இப்னு பதூதா அந்நகருக்கு வந்தார். பேரரசர் அவருக்கு மரியாதை ஆடையும் குதிரையும் அளித்தார். நகரின் அரிய காட்சிகளைக் காட்ட நாள்தோறும் தம்மோடு வர ஒருவர் வேண்டுமென்று அவர் கேட்டதற்கு இணங்கி வழிகாட்டியையும் தந்தார். அரசரின் ஆடையை அணிந்து அரசரின் குதிரையில் செல்பவர் அரசரின் காப்பில் இருப்பவர் என்பதை நகரமே அறியும்படி அவர் வீதிகளில் அழைத்துச் செல்லப்பட்டார். புதிய நகரில் முதலில் நம்பத்தக்க வழிகாட்டி ஒருவரைத் தேடுவது, காட்சிகளுக்குப் பின்னர் அலைவது என்னும் ஒழுங்கு இன்றும் பொருந்துவதே.

துறவு பூண்ட முன்னாள் மன்னர் ஒருவரைத் தாம் சந்தித்ததாகவும் இப்னு பதூதா எழுதுகிறார்; அத்துறவி யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தம் முன் நிற்கும் முஸ்லிம் எருசலேமுக்குச் சென்று வந்தவர் என்று அறிந்ததும் அத்துறவி அவருடைய கையைப் பற்றினார், புனித நகருக்குள் நுழைந்த கையையும் நடந்த காலையும் போற்றினார். இருவரும் பேசிக்கொண்டே ஹாகியா சோபியாவின் வாயில்வரை நடந்தனர். தாமும் உடன் வர விரும்புவதாக இப்னு பதூதா மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். உள்ளே நுழையும் எவரும் பெரிய சிலுவையின் முன் விழுந்து வணங்க வேண்டும், அது முன்னோர் வகுத்த முறை, அதனை மீற இயலாது என்று விடை வந்தது. இப்னு பதூதா அங்கேயே நின்றுவிட்டார். துறவி தனியே உள்ளே சென்றார். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை. உலகின் பெரும் பள்ளிவாசல்களையெல்லாம் விவரித்த அப்பயணி, அந்த ஆலயத்தின் வெளிப்புறத்தை மட்டுமே தம்மால் விவரிக்க முடியும் என்று எழுதிவைத்தார்.

இந்நிகழ்ச்சியில் எவரும் எவரையும் இழிவுபடுத்தவில்லை. வாயிலைக் காத்தவர் விதியைத் தளர்த்தவில்லை. விருந்தினர் பொய்யாக விழுந்து வணங்கி உள்ளே நுழைந்து அழகைப் பார்த்துவிடலாம் என்று எண்ணவில்லை. நம்பிக்கையில்லாமல் வணங்குவது சிலுவைக்கும் அவமதிப்பு, தம் இறைவனுக்கும் அவமதிப்பு என்று அவர் கருதியிருக்க வேண்டும். பார்க்க முடியாமல் திரும்புவதும் ஒரு நகரைப் பார்ப்பதன் பகுதியே என்று ஏற்கும் மனநிலை அது. பணமும் நேரமும் செலவழித்து வந்தவர் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்னும் இக்கால எண்ணத்துக்கு நேர் எதிரானது.

இதிலிருந்து ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். விழுந்து வணங்குவது நம்பிக்கையை அறிவிக்கும் செயல்; காலணியைக் கழற்றுவதும் தலையை மூடுவதும் ஒருவருடைய வீட்டின் முறைக்கு இணங்கும் செயல்கள். முதலாவதை நம்பாதவர் செய்தால் அது நடிப்பு. இரண்டாவதை நம்பாதவர் செய்தாலும் அது மரியாதையே. இஸ்தான்புல் பள்ளிவாசல்கள் இன்று வருவோரிடம் இரண்டாவதை மட்டுமே கேட்கின்றன என்பதால், கடவுள் நம்பிக்கையற்றவரும் பிற சமயத்தவரும் மனச்சான்றுக்கு மாறாக நடக்காமலே உள்ளே செல்ல முடிகிறது. தோளும் முழங்காலும் மறையும் ஆடையை முன்கூட்டியே அணிந்து செல்வதும், பெண்கள் சொந்தத் துணியொன்றைக் கையில் வைத்திருப்பதும், வாயிலில் இரவல் துணி தேடும் சங்கடத்தைத் தவிர்க்கும். இந்த மரியாதையின் எல்லையைத் தாண்டும் தவறும் ஒன்று உண்டு. மரியாதை மிகுதியால் தொழுகை வரிசையில் போய் நின்று அசைவுகளைப் பார்த்துச் செய்வது, அங்கே நிற்பவர்களுக்கு அது கடமை என்பதை மறந்த செயலாகும். பின்புறம் பார்வையாளருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அமைதியாக நிற்பதே தகும்.

தொழுகை நேரங்கள் சூரியனின் நிலையைப் பொறுத்து நாள்தோறும் மாறுவதால் அன்றைய நேரங்களைக் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். 1616 அளவில் முடிக்கப்பட்டதும் நீலப் பள்ளிவாசல் என்று பயணிகள் வழங்குவதுமான சுல்தான் அகமது பள்ளிவாசல் ஒவ்வொரு தொழுகையையும் ஒட்டிப் பார்வையாளருக்கு மூடப்படும். வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகை முடியும்வரை எந்தப் பெரிய பள்ளிவாசலையும் பார்வையிடத் திட்டமிடாமல் இருப்பது நலம். தனியே தொழுதுகொண்டிருப்பவரின் முன்னால் குறுக்கே நடப்பது கையேடுகள் பல சொல்ல மறக்கும் பிழை: தொழுபவருக்கும் அவர் நோக்கும் திசைக்கும் இடையே கடந்து செல்வதை இஸ்லாமிய முறை கண்டிக்கிறது, ஆகவே சுற்றிப் பின்புறமாகச் செல்ல வேண்டும். கட்டடத்தைப் படம் எடுப்பதற்குத் தடையில்லை; ஆனால் கண்மூடி இறைஞ்சும் ஒருவரின் முகத்தை அவர் அறியாமல் எடுத்துச் செல்வது, கொடுக்கப்படாத ஒன்றை எடுத்துச் செல்வதேயாகும்.

விருந்தினர் என்னும் இந்தக் கருத்தைச் சிக்கலாக்குவது நுழைவுச்சீட்டு. ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், நிலையான அமைதி குறித்து 1795இல் வெளியிட்ட நூலில், பூமி உருண்டையாக இருப்பதால் மனிதர்கள் எல்லையின்றிப் பரவி ஒருவரையொருவர் தவிர்க்க முடியாது, ஆகவே வேற்று நிலத்துக்கு வரும் எவரும் பகைவராக நடத்தப்படாமல் இருக்க உரிமை உடையவர் என்று வாதிட்டார். வருகை உரிமை எனப்படும் இது எல்லோருக்கும் உண்டு. விருந்தினராக உள்ளே ஏற்கப்படும் உரிமை அவ்வாறன்று, அதற்கு வீட்டாரின் தனிப்பட்ட இசைவு வேண்டும். வருகை என்னும் பெயரில் சென்று நாடுகளைக் கைப்பற்றிய ஐரோப்பியரை அதே நூலில் அவர் கடுமையாகக் கண்டித்தார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. நகரின் வீதியும் கடற்கரையும் சந்தையும் கான்ட் கூறும் முதல் உரிமைக்குள் வருவன; வழிபாட்டிடத்தின் உட்புறம் இரண்டாவதைச் சேர்ந்தது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவருக்கு இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. வாங்கிய பொருள்மீது உள்ள உரிமையை அவர் அந்த இடத்தின்மீது உணரத் தொடங்குகிறார்.

ஹாகியா சோபியா இவ்விடரின் நடுவில் நிற்கிறது. பேரரசர் ஜஸ்டினியன் 532இல் தொடங்கி 537இல் திறந்துவைத்த அந்த ஆலயத்தின் முதல் குவிமாடம் இருபது ஆண்டுகளில் இடிந்து, 562இல் மீண்டும் எழுப்பப்பட்டது. 1453இல் நகரைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மத் அதனைப் பள்ளிவாசலாக்கினார். துருக்கியக் குடியரசு 1934இல் அருங்காட்சியகமாக்க முடிவுசெய்தது. 2020 ஜூலையில் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் வழி மீண்டும் பள்ளிவாசலாயிற்று. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் 25 யூரோ கட்டணத்தில் மேல்மாடத்துக்கு மட்டும் செல்கின்றனர்; கீழ்த்தளம் தொழுவோருக்குரியது. கிழக்கு அரைவட்டக் கூரையில் உள்ள அன்னையும் குழந்தையும் கொண்ட மொசைக் ஓவியம், அதாவது சிறுசிறு வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய ஓவியம், தொழுகையின்போது கண்ணில் படாதவாறு திரையிடப்படுகிறது. இம்மாற்றம் தங்கள் ஆலயத்தை இரண்டாம் முறை இழந்த துயராகக் கிரேக்க மரபுவழிக் கிறித்தவருக்கும், முன்னோரின் அறக்கொடை மீண்டும் கிடைத்த மகிழ்ச்சியாகத் துருக்கிய முஸ்லிம்கள் பலருக்கும் தோன்றுகிறது. மூன்று நாள் தங்குபவர் இவ்வழக்கில் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஆயினும் இரு தரப்பின் வரலாற்றையும் படிக்காமல் படியேறுவது, துக்க வீட்டுக்குச் சென்று இறந்தவர் யார் என்று கேட்பதற்கு ஒப்பாகும். படித்தபின் செல்வோர் மேல்மாடத்துக் கிறிஸ்துவின் முகத்தையும், வட்டப் பலகைகளில் தங்க எழுத்தால் எழுதப்பட்ட அல்லாஹ், முகமது என்னும் பெயர்களையும் ஒரே பார்வையில் காணும்போது, எளிய சொற்களில் அடங்காத ஒன்றின் முன் நிற்பதை உணர்வார்கள்.

சீட்டு வாங்கி நுழையும் அருங்காட்சியகத்துக்குள்ளும் வழிபாடு நிகழலாம் என்பதற்குத் தொப்காப்பி அரண்மனை சான்று. 1924 முதல் அருங்காட்சியகமாக உள்ள அதில், நபிகளாரின் மேலங்கி முதலிய புனித நினைவுப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள அறைகளில் குர்ஆன் ஓதும் மரபு இன்றும் தொடர்கிறது. பார்வையாளர்களில் சிலர் பொருள்களைப் பார்க்கின்றனர், சிலர் அழுகின்றனர். அவ்வறைகளில் குரலைத் தாழ்த்தி, அருகில் நிற்பவருக்கு அது காட்சிப் பொருள் அன்று என்பதை நினைவில் கொண்டு நகர வேண்டும். அரண்மனை செவ்வாய்க்கிழமையும், மூடுசந்தை எனப்படும் பெரிய கடைத்தெரு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திரா.

எல்லா வாயில்களும் ஒரே காரணத்துக்காகக் காக்கப்படுவதில்லை. 1986இலும் 2003இலும் உயிரிழப்போடு கூடிய தாக்குதல்களுக்கு உள்ளான நெவே ஷாலோம் யூத வழிபாட்டிடத்தைக் காண விரும்புவோர் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கடவுச்சீட்டு விவரங்களை அளிக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் பொறுமை சடங்கு விதியால் வந்ததன்று, இழந்த உயிர்களால் வந்தது. அதனைத் தொல்லையென்று முணுமுணுப்பது தகாது. ஃபெனர் பகுதியில் உள்ள கிரேக்க மரபுவழித் திருச்சபைத் தலைமைப்பீடத்தின் புனித ஜார்ஜ் ஆலயமோ பெரிதும் எளிதாகத் திறந்திருக்கிறது. ஒருகாலத்தில் நகரையே நிறைத்திருந்து இன்று சில ஆயிரமாகச் சுருங்கிவிட்ட ஒரு சமூகத்தின் நெஞ்சு அது. அதற்கும் அரை நாள் ஒதுக்காத பயணம் குறையுடையதே.

எத்தனை இடங்களைப் பார்ப்பது என்னும் கேள்வியும் அறம் சார்ந்ததே. சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் பெருநகர வாழ்வும் உள்ளமும் பற்றி 1903இல் எழுதிய கட்டுரையில், இடைவிடாத தூண்டல்களுக்கு ஆளாகும் நகரவாசி தன்னைக் காத்துக்கொள்வதற்காக எதிலும் வேறுபாடு உணராத மரத்த நிலையை அடைகிறார் என்று விளக்கினார். நகரவாசிக்குப் பல ஆண்டுகளில் நேர்வது, ஒரே நாளில் ஐந்து பள்ளிவாசல்களையும் இரண்டு அரண்மனைகளையும் காணும் பயணிக்கு மாலைக்குள் நேர்ந்துவிடுகிறது. ஐந்தாவது குவிமாடத்தின் கீழ் நிற்பவர் அதன் உயரத்தைப் பார்ப்பதில்லை, நாற்காலியைத் தேடுகிறார். நாளுக்கு ஒரு பெரிய வழிபாட்டிடம் போதும். கட்டடக் கலைஞர் சினான் 1550க்கும் 1557க்கும் இடையில் எழுப்பிய சுலைமானியேவுக்குக் கட்டணம் இல்லை, கூட்டமும் ஒப்பீட்டளவில் குறைவு. அங்கே ஒரு மணி நேரம் தரையில் அமர்ந்திருப்பவர், ஒளி சாளரத்துக்குச் சாளரம் நகர்வதைக் கண்டு, இக்கட்டடம் பார்ப்பதற்காக அன்று, இருப்பதற்காகக் கட்டப்பட்டது என்பதை அறிவார். எஞ்சும் நேரத்துக்கு எமினோனு துறையிலிருந்து ஆசியக் கரையின் கடிக்கொய்க்குச் செல்லும் படகு உண்டு. அரை மணிக்கும் குறைவான அப்பயணத்தில், இரு கண்டங்களுக்கிடையே வேலைக்குப் போய்வரும் மக்களோடு உடன் அமர்வது வேறு எந்தக் காட்சிக்கும் குறைந்ததன்று. டிராம், மெட்ரோ, பேருந்து, படகு அனைத்துக்கும் பொதுவான இஸ்தான்புல்கார்ட் என்னும் அட்டையை வந்திறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையங்கள் இரண்டு, ஒன்று ஐரோப்பியப் பக்கத்திலும் மற்றொன்று ஆசியப் பக்கத்திலும் இருப்பதால், தங்குமிடத்தைத் தேர்வதற்குமுன் எதில் இறங்குவது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

விருந்தினராக நடப்பது ஏமாளியாக நடப்பதன்று. முன்னே செல்லும் காலணி மெருகூட்டுபவரின் தூரிகை கீழே விழுவதும், எடுத்துக்கொடுத்தவருக்கு நன்றியாக அவர் மெருகூட்டத் தொடங்கிப் பின் பெருந்தொகை கேட்பதும் அந்நகரில் பழகிப்போன தந்திரம். கடைக்காரர் தரும் தேநீரோ வேறு வகையானது. அதில் வணிகமும் உபசாரமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. வாங்கும் எண்ணம் இல்லையென்பதை முதலிலேயே பணிவாகச் சொல்லிவிட்டுத் தேநீரை ஏற்பவர் எவரையும் ஏமாற்றுவதில்லை. வேலையில் ஈடுபட்டிருக்கும் எவரையும் கடந்து செல்லும்போது, வேலை எளிதாகட்டும் என்னும் பொருளில் துருக்கியர் சொல்லும் கோலாய் கெல்சின் என்னும் வாழ்த்தைப் பழகிக்கொள்வது, வேறு எந்தத் துருக்கிச் சொல்லையும்விட விரைவாக முகங்களை மலரச் செய்யும்.

மூன்று நாளுக்கு மேற்பட்டது தருமம் என்னும் விதி விருந்தினரின் கைக்கும் ஒரு வேலையைத் தருகிறது. நுழைவுக் கட்டணம் வாங்காத பள்ளிவாசல்களில் பராமரிப்புக்கான நன்கொடைப் பெட்டிகள் உள்ளன. துருக்கிய ரொட்டிக் கடைகள் பலவற்றில், தொங்கவிடப்பட்ட ரொட்டி எனப் பொருள்படும் அஸ்கிதா எக்மெக் என்னும் வழக்கம் உண்டு: ஒன்று வாங்குபவர் இரண்டுக்குப் பணம் கொடுக்கிறார், மற்றொன்று கடையிலேயே வைக்கப்படுகிறது, இல்லாதவர் வந்து கேட்டால் விசாரணையின்றி அது கொடுக்கப்படுகிறது. அச்சொற்களைக் கூறி ஒரு விரலை உயர்த்திக் காட்டினால் கடைக்காரர் புரிந்துகொள்வார். சமயமோ நாடோ அங்கே கேட்கப்படுவதில்லை. மூன்றாம் நாள் காலையில், விமான நிலையத்துக்குப் புறப்படுவதற்குமுன், தங்கியிருந்த தெருவின் கடையிலேயே இதனைச் செய்துவிடலாம்.